மஞ்சளாகாத மாத்திரைகள்

பி.பார்ம். படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகள் மட்டுமே எல்லோருக்கும் பொது. மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். பாதிப் பேர் ஆக்கப் பிரிவுக்குப் போய் மாத்திரை செய்யவும், செய்ததைச் சோதிக்கவும் படிப்பார்கள். மீதிப் பேர் வழங்கல் பிரிவு. அந்த மாத்திரையை நோயாளியிடம் கொடுக்கப் படிப்பார்கள். பிரிந்தபின் ஒரு பிரிவார் மற்றப் பிரிவாரிடம் தொழில் பேசக் கூடாது. பேசினால் இருவர் பட்டமும் போகும்.

ஜெனிட்டாவும் நானும் அந்த இரண்டு ஆண்டும் ஒரே மேஜை. நான் ஏரல் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன். எதையும் வரிசைப்படி செய்தால்தான் எனக்குக் கை ஓடும். அவள் மணல்துறைக் கடற்கரைக்காரி. வரிசை பாராமல் செய்து எனக்கு முன்னால் முடித்துவிட்டு, என் சல்லடையை வேடிக்கை பார்ப்பாள்.

மாத்திரை செய்முறை வகுப்பில் எடுத்தவுடன் மருந்தைத் தொட விடமாட்டார்கள். லாக்டோஸ் மாவில் ஸ்டார்ச் பசை ஊற்றிப் பிசைந்து, சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, காயவைத்து, இயந்திரத்தில் அடிக்க வேண்டும். மருந்தே இல்லாத வெள்ளை மாத்திரை. அப்படி முதன்முதலாக அடித்ததில் ஒன்றை எடுத்து மேஜைத் தோழருக்குத் தின்னக் கொடுப்பது எங்கள் கல்லூரிப் பழக்கம். நான் ஜெனிட்டாவிடம் சும்மா நீட்டினேன். அவள் கொடுத்தபோது என் உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, "இத தின்னா உனக்கு இந்த வருசம் அரியர் விழாது," என்றாள்.

"லாக்டோஸ் தின்னா வயித்தாலதான் போவும்."

"ஏல, குடுக்கும்போது குறுக்க பேசாத. மருந்து எறங்காது."

அந்த வருடம் எனக்கு அரியர் விழவில்லை.

பிரிக்கும் நாளன்று துறைத் தலைவர் கோமதிநாயகி மேடம் எங்கள் எல்லோரையும் செய்முறைக் கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

"ஏன் பிரிக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மூலப்பொருள் கொண்டுவந்த கப்பல் நின்னுபோய் கிட்டத்தட்ட உங்க வயசாச்சு. இருக்கிற மருந்து எல்லாருக்கும் பத்தாது. அப்பதான் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. வலி, தூக்கமில்லாமை, மனச்சோர்வு, வலிப்பு, இந்த மாதிரி நோயில வெறும் மாத்திரையே பாதிக்கு மேல ஆளுகளுக்கு வேலை செய்யிது. ஆனா வாங்குறவர் மட்டும் நம்பினா போதாது. குடுக்கிறவரும் நம்பணும்."

ஜெனிட்டா கையைத் தூக்கினாள். "குடுக்கவளுக்குத் தெரிஞ்சிட்டா என்ன ஆவும் மேடம்?"

"உன் கண்ணுல தெரியும். கையில தெரியும். வாங்குற உடம்பு கண்டுபிடிச்சிரும். அதனாலதான் செய்யிறவனுக்கு மட்டும் தெரியும், குடுக்கிறவளுக்குத் தெரியாது. நாம யாரையும் ஏமாத்தலம்மா. கொஞ்சம் மருந்த வச்சிக்கிட்டு நெறைய பேரக் காப்பாத்துதோம்."

"மீதிப் பேரு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் உடனே போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

விடுதியில் ஆக்கப் பிரிவாருக்கு 'மாவு' என்று பெயர். வழங்கல் பிரிவாருக்கு 'வாய்'. ஜெனிட்டாவின் பெயர் வழங்கலில் வந்தது. "போ வாயி," என்றேன். "போல மாவு," என்றாள். நாங்கள் மனம்விட்டுப் பேசியது அன்றோடு முடிந்தது. அவள் பாடத்திட்டத்திலிருந்து பகுப்பாய்வு போயிற்று, அளவறி சோதனை போயிற்று, ஆய்வுக்கூடமே போயிற்று. நிறம் மாறிய மாத்திரையைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவதை மட்டும் விட்டுவைத்தார்கள். கெட்டுப்போன மாத்திரையை நோயாளியிடம் கொடுத்துவிடக் கூடாதே! அதையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

படித்து முடித்ததும் அரசு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மருந்து உள்ள மாத்திரையையும் வெறும் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிலும் வித்தியாசம் தெரியாதபடி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எடை, நிறம், கடினம், நாக்கில் படும் கசப்பு, தண்ணீரில் கரையும் வேகம், எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சரியாக இருந்தால் பெட்டியில் ஊர்ப் பெயரை ஒட்டி அனுப்புவோம். என் கைப்பட்ட பெட்டியில் ஒரு குறை வந்ததில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ரீகன் போன் செய்தான். ஜெனிட்டாவின் தம்பி. கல்லூரிக் காலத்தில் சில ஞாயிறுகளில் அவர்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். ஒருமுறை கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் என் கண்முன்னால் வலிப்பு வந்து விழுந்தான். நான் விறைத்துப்போய் நின்றேன். ஜெனிட்டா தோளில் கிடந்த துண்டை மடித்து அவன் தலைக்கடியில் செருகி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் அவனை யாரும் படகில் ஏற்றவில்லை. ஐஸ் பெட்டி சுமந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, ரெண்டு வருசமா வலிப்பே கெடையாது," என்றான். "டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு. லைசென்ஸ் வந்திட்டு. ஞாயித்துக்கெழம பாதர் புது போட்ட மந்திரிக்காரு, வியாழக்கெழம கெளம்புதோம். ஆழ்கடல்ணே. திரும்ப ரெண்டு வாரம் ஆவும். நீங்க மந்திரிப்புக்கு வரணும்."

"எந்த மாத்திர சாப்பிடுத?"

"அக்கா குடுக்கதுதான். வேற எங்க போவேன்? அக்கா கைராசி மாவட்டத்துக்கே தெரியும்லா."

போனை வைத்ததும் மணல்துறை நிலையத்துக்குப் போன பெட்டிகளைத் திரையில் பார்த்தேன். வலிப்பு மாத்திரை இரண்டு ஆண்டுகளாக வெறும் மாத்திரைதான். ஒரு பெட்டியில்கூட மருந்து இல்லை. எங்கள் பிரிவு அதிகாரி சரவணபெருமாள் சாரிடம் போய், ஒதுக்கீட்டில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றேன்.

அவர் சாப்பாட்டுக் கேரியரை மூடிக்கொண்டே சொன்னார். "தப்பு இல்ல தம்பி. அங்க குடுக்கிற பிள்ள மாவட்டத்துலயே முதல். வெறும் மாத்திரைலயே வலிப்ப நிறுத்திருது. அதுக்கு எதுக்கு மருந்து? குடுக்கத் தெரியாதவன் இருக்கிற ஊருக்குப் போட்டும்னு ஒதுக்கீடு போடுற மிஷின் அங்க அனுப்புது."

"நின்ன வலிப்பு யாருக்காவது திரும்பி வந்திட்டுன்னா?"

"பதிவாச்சுன்னா அந்த நிலையத்துக்கு அந்த மாத்திரைய மட்டும் மிஷினே மருந்தா மாத்திரும். அதுவரைக்கும் மாத்தாது."

"அது நடுக்கடல்ல வந்தா சார்?"

அவர் கேரியரை ஓரமாகத் தள்ளிவைத்தார். "யாரு, என்ன உறவுன்னு எங்கிட்ட சொல்லிராத. நான் கேக்கவும் இல்ல," என்று எழுந்து கை கழுவப் போனார்.

அன்று நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சொல்லாவிட்டால் ரீகன் மாவை நம்பி ஆழ்கடலுக்குப் போவான். சொன்னால் ஜெனிட்டாவின் கை போய்விடும். மேடம் சொன்னது உண்மையென்றால், மணல்துறையில் அவள் நிறுத்திவைத்த வலியெல்லாம் ஒரே நாளில் திரும்பிவிடும். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் ரீகன் படகின் ஓரத்தில் நின்று வலை இறக்குவதில்தான் வந்து முடிந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மணல்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். நிலையத்துக்கு ஊரில் மாத்திரைக்கடை என்று பெயர். சுவரில் ஜெனிட்டாவின் படம் மாட்டியிருந்தது, மாவட்டத்தின் சிறந்த வழங்குநர் என்று. வரிசையில் நின்றவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன்.

வலை முடையும் விக்டோரியாக்கா முறை வந்தது. "ஏட்டி, போன வாரம் குடுத்தது நல்லா கேட்டுச்சு. முட்டு மடக்க முடியுது. ஆனா எம் மாப்பிள்ளைக்குக் குடுத்ததுதான் கேக்கல. இன்னும் வாய் ஓயல."

"அதுக்கு மருந்து இன்னும் வரலக்கா. வந்தா மொத மாத்திர ஒங்களுக்குத்தான்." வரிசை சிரித்தது. ஜெனிட்டா சிரிக்கவில்லை. அந்த அக்காவின் காய்த்துப்போன உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "ராத்திரி தின்னுங்க. காலைல கோயில் படி ஏறுவிய," என்றாள். அந்த நேரத்துக்கு அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பதுபோல இருந்தது.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "ஏ மாவு! வெயில்ல நிக்காத, பசையாப் போயிருவ."

கடையை அடைத்துவிட்டுப் பின்பக்கம் கடலைப் பார்த்த சன்னலோரம் உட்கார்ந்தோம். வழியெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஜெனி, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா ரெண்டு பேரு பட்டமும் போவும், அது போட்டும். ஆனா சொன்ன பொறவு உன் கை..."

"வெறும் மாத்திரன்னு சொல்ல வந்தியா?"

அவள் சன்னல் கட்டையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையையும், அலமாரித் தகர டப்பாவிலிருந்து இன்னொரு அட்டையையும் எடுத்து என் மடியில் போட்டாள். டப்பாவில் இருந்த மாத்திரைகள் நல்ல மஞ்சள். சன்னலில் கிடந்தவை வெள்ளை வெளேரென்று இருந்தன.

"மஞ்சள் மத்த கரையோர நிலையத்துல கெடந்து வந்தது. இங்க உப்புக் காத்துல்லா, ஆறு மாசம் தாங்காது, ஓரத்துலருந்து மஞ்சளாயிரும். வெள்ள ரெண்டு வருசமா இந்தச் சன்னல்ல கெடக்கு. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு பாரு. நீங்க நெறத்த ஒண்ணாக்கினிய, கசப்ப ஒண்ணாக்கினிய. கெட்டுப்போறத ஒண்ணாக்க மறந்திட்டிய."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. எப்போதும் ஓடும். மாத்திரை கெட்டுப்போகும்வரை எங்களிடம் தங்குவதுமில்லை.

"அப்ப தெரிஞ்சேதான் ஊருக்கெல்லாம் குடுக்கியா? மேடம் சொன்னாங்கல்லா, குடுக்கவளுக்குத் தெரிஞ்சா..."

"மேடம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்னு குடுத்ததில்ல. நான் விக்டோரியாக்காட்ட இது மருந்துன்னு சொன்னனா? படி ஏறுவியன்னு சொன்னேன். அவ ஏறணும்னு எனக்கு நெசமாவே இருக்கு. கை அத மட்டுந்தான் சொல்லும்." என் பக்கம் திரும்பினாள். "குடுக்கணும்னு நெனச்சுக் குடுத்தா எறங்கும் இசக்கி. நெனைக்காம மேசைல வச்சா எறங்காது. அவ்வளவுதான் நான் படிச்ச படிப்பு."

"ரீகனுக்கும் இதத்தானா?"

அவள் முகம் மாறியது. "சே. அவன்கிட்ட நான் வெளையாடுவனா? அவனுக்கு இந்த மஞ்சளத்தான் குடுக்கேன். மாசக் கூட்டத்துல மத்த நிலையத்துக்காரங்க நெறம் மாறினத அழிக்கச் சொல்லித் திருப்பிக் குடுப்பாங்க. அந்தப் பெட்டிய நான்தான் கொண்டுபோவேன். அதுலருந்து எடுத்து வச்சேன். மஞ்சளாவுதுன்னா உள்ள மருந்து இருக்குன்னுதான அர்த்தம்? பலம் கொறஞ்சிருக்கும்னு ஒண்ணுக்கு ரெண்டா குடுக்கேன். ரெண்டு வருசம் விழல பாத்தியா."

சொல்லிவிட்டு மஞ்சள் அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"ஆனா எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு எனக்குப் பாக்கத் தெரியாது. அந்தப் பாடத்த எங்ககிட்டருந்து எடுத்திட்டாங்க. அவன் போட்டுல ஏறதுக்கு முன்னால நீ பாத்துச் சொல்லு."

அவள் நிலையத்துக்கு ஏன் மருந்தே வரவில்லை என்பதையும் சொன்னேன். நன்றாகக் கொடுக்கிறவளுக்கு மருந்து எதற்கு என்று இயந்திரம் நினைக்கிறது, நின்ற வலிப்பு திரும்பியதாகப் பதிவானால்தான் மாற்றி அனுப்பும் என்றேன்.

"பதிவானாத்தான்?"

"ஆமா."

"நல்லா குடுத்ததுக்கு இதுதான் பரிசா," என்றாள்.

மறுநாள் பாதர் புதுப் பெயின்ட் வாசம் போகாத படகின்மேல் தீர்த்தம் தெளித்தார். ரீகன் புதுச்சட்டை போட்டு முன்னணியத்தில், படகின் முனையில், நின்று, கரையிலிருந்த எனக்குக் கையாட்டினான். நான் சட்டைப் பையில் அந்த அட்டையோடு நின்றேன்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக அதைச் சோதித்தேன். முடிவைப் பார்த்துவிட்டு, கரைசலைக் கொட்டிக் கழுவி, முதலிலிருந்து மறுபடி செய்தேன். அதே முடிவுதான். மருந்து ஒரு துளிகூட மிச்சமில்லை. நெடுநாள் உப்புக்காற்றில் கிடந்து எல்லாம் சிதைந்திருந்தது. அந்த மஞ்சள் மருந்தின் நிறம் அல்ல, மருந்து செத்தபின் மிஞ்சுவதன் நிறம்.

இரண்டு ஆண்டுகளாக ரீகனை நிறுத்திவைத்திருந்தது அவள் கை மட்டும்தான். அதை அவளே அறியவில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "எவ்வளவு இருக்கு?"

எப்படித் தொடங்குவது, எதற்குப் பின் எதைச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "இல்ல ஜெனி," என்றேன்.

"கொஞ்சங்கூடவா?"

"ஒண்ணுமே இல்ல."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தமும், ரீகன் யாரையோ கேலி செய்து சிரிப்பதும் கேட்டன.

"அவன போவ வேண்டாம்னு சொல்லு. உண்மையச் சொல்லிரு," என்றேன்.

"சும்மா தடுத்தா கேக்க மாட்டான். லைசென்ஸ் கைல வச்சிக்கிட்டுத் தூங்குதான். உண்மையச் சொன்னா அவன் வாயில நிக்காது, காலைல ஊருக்கே தெரிஞ்சிரும். அப்புறம் நான் யாரு கையில என்னத்த வைப்பேன்? விக்டோரியாக்கா எந்திரிச்சு நடக்க மாட்டா." அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "சரி இசக்கி. நீ பாத்துச் சொன்னியே, அது போதும். வையி."

வியாழக்கிழமை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ரீகன் கூப்பிட்டான். குரல் கரகரத்திருந்தது.

"அண்ணே, நான் போவல. கரையிலயே விழுந்திட்டேன். வலிப்பு. எல்லாரும் போட்டத் தள்ளுதாங்க, நான் ஏறக் கால வைக்கேன், அவ்வளவுதான் தெரியும். ஆஸ்பத்திரில பதிஞ்சிட்டாங்க. லைசென்ஸ் போச்சு. இனிமே ஆயுசுக்கும் தர மாட்டாங்களாம்."

அழுதான். நான் அழவிட்டேன்.

"அடி ஒண்ணும் படலியே?"

"இல்லண்ணே. தல மண்ணுல படலன்னாங்க. அக்கா பிடிச்சிட்டா. வேலைக்குப் போன பொறவு அக்கா கரைக்கு வர்றதே இல்ல. அன்னைக்கு வேலைக்கும் போவாம விடியவே வந்து எம் பக்கத்துலயே நின்னா. கைல துண்ட மடிச்சு வச்சிருந்தா." மூக்கை உறிஞ்சினான். "ஒண்ணு கேக்கணும். அக்காட்ட நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியல. செவ்வாக்கெழமையும் புதங்கெழமையும் மாத்திரைய மேசைல வச்சிட்டு, 'எடுத்துக்கோ'ன்னுட்டுப் போயிட்டா. என் கையத் தொடவே இல்ல. எப்பவும் மடக்கி விடுவால்லா? நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"கேக்கேன்," என்றேன். கேட்கவில்லை. தெரிந்தே ஊருக்கெல்லாம் கொடுத்தவளுக்குத் தம்பிக்கு மட்டும் கொடுக்க முடியாமலா போயிருக்கும்?

அடுத்த ஒதுக்கீட்டில் மணல்துறைக்கு நேராக, வலிப்பு மாத்திரை என்ற இடத்தில், முதன்முறையாக மருந்து என்று வந்தது. அந்தப் பெட்டியை நானே மூடி ஊர்ப் பெயரை ஒட்டினேன். சரவணபெருமாள் சார் என் மேஜையைக் கடந்துபோகும்போது பெயரைப் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரைக்கடைச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள் என்றும், ஜெனிட்டாவைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூட வேண்டும் என்பதைத்தான்.

ரீகன் துறைமுகத்தில் இன்ஜின் பழுது பார்க்கிறான். சில மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். போன வாரம் கூப்பிட்டான்.

"விழலியே?" என்றேன்.

"இல்லண்ணே. அக்கா மாத்திர குடுத்திட்டுத்தான் இருக்கா. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. எனக்குத்தான் அர்த்தம் புரியல."

"என்ன சொன்னா?"

"புதுசா வந்த அட்டையில ஓரத்துல லேசா மஞ்சளாவ ஆரம்பிச்சிட்டாம். டப்பால போட்டு இறுக்க மூடியிருக்காளாம்." அவன் குரல் தாழ்ந்தது. "சொல்லும்போது கண்ணுல தண்ணியா வந்திட்டு. சிரிக்கவும் செய்யுதா. மாத்திர கெட்டுப்போறதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு சந்தோசம்?"